கூட்டாட்சி: பட்டாவா, குத்தகையா?

தேர்வு நெருங்கும் வேளையில் அரசியல் பாடம் பயிலும் மாணவர் எவரைக் கேட்டாலும் தயங்காமல் ஒப்புவிக்கும் விடை ஒன்று உண்டு. அதிகாரம் முழுவதும் மத்திய அரசிடமே குவிந்திருந்தால் அது ஒற்றையாட்சி. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அரசியல் சட்டமே அதிகாரத்தைப் பங்கிட்டுக் கொடுத்திருந்தால் அது கூட்டாட்சி. முன்னதற்குப் பிரிட்டனும் பிரான்சும் எடுத்துக்காட்டு. பின்னதற்கு அமெரிக்காவும் கனடாவும். இந்தியாவோ இரண்டும் கலந்தது. பத்து மதிப்பெண் வினாவுக்கு இவ்விடை போதும். ஆனால் தேர்வறையை விட்டு வெளியே வந்தபின் இது நமக்கு எவ்வளவு தூரம் துணை வரும்?

ஒற்றையாட்சி நாடு எனப்படும் பிரிட்டனில் ஸ்காட்லாந்துக்கெனத் தனிச் சட்டமன்றம் இருக்கிறது. தனிக் கல்வி முறையும் தனி நீதிமுறையும் இருக்கின்றன. கூட்டாட்சி எனத் தன்னைப் பறைசாற்றிக்கொண்ட சோவியத் யூனியனின் 1977ஆம் ஆண்டு அரசியல் சட்டம், குடியரசுகளுக்குப் பிரிந்து செல்லும் உரிமையையே எழுத்தில் வழங்கியிருந்தது. நடைமுறையிலோ 15 குடியரசுகளிலும் கட்சித் தலைமையின் சொல்லே நெடுங்காலம் சட்டமாக இருந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்துக் கடையின் சரக்கை மதிப்பிட முடியாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனவே இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேறோர் உரைகல் வேண்டும். அதைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் ஊர் வயல்வெளிக்குச் சென்றாலே போதும்.

பட்டா நிலத்தில் உழுபவரும், வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் உழுபவரும், வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள். இருவரும் ஏர் பூட்டுகிறார்கள். இருவரும் நாற்று நடுகிறார்கள். குத்தகைக்காரரின் வயல் சற்றுக் கூடுதலாகவே விளைந்தாலும் விளையலாம். நிலக்காரரோடு மனத்தாங்கல் வரும் நாளில்தான் வேறுபாடு தெரியும். அன்று குத்தகைக்காரர் வரப்பை விட்டு இறங்க வேண்டியதுதான். பட்டா வைத்திருப்பவரோ, எவரோடு பகை வந்தாலும், தம் நிலத்திலேயே நின்றுகொண்டு வழக்காடலாம்.

ஆட்சி முறையும் அத்தகையதே. கீழ்நிலை அரசுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதன்று முதற்கேள்வி. அவ்வதிகாரத்தை மேல்நிலை அரசு தான் மட்டுமே முடிவு செய்து திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமா என்பதே முதற்கேள்வி. முடியுமானால், எவ்வளவு தாராளமாக வழங்கப்பட்டிருந்தாலும் அது குத்தகை. முடியாதெனில், எவ்வளவு சிறிதாயினும் அது பட்டா. இந்த உரைகல்லில் சில நாடுகளை உரசிப் பார்த்து, இறுதியில் நம்மையும் உரசிப் பார்ப்போம்.

குத்தகை நிலம்

பிரிட்டனுக்கு ஒரே ஏடாகத் தொகுக்கப்பட்ட அரசியல் சட்டம் கிடையாது. அங்கே நாடாளுமன்றமே முழுமுதல் அதிகாரம் உடையது. அது ஆக்கிய எதையும் அதுவே அழிக்கலாம். இது வெறும் ஏட்டுக் கொள்கையா? அல்ல என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைக் காட்டலாம்.

வட அயர்லாந்துக்கு 1921ஆம் ஆண்டில் ஒரு சட்டமன்றம் அமைந்தது. ஐம்பது ஆண்டுகள் நடந்தது. கத்தோலிக்கச் சிறுபான்மையினருக்கு எதிரான பாகுபாடும், தொடர்ந்து மூண்ட வன்முறையும் முற்றிய நிலையில், 1972 மார்ச்சில் லண்டன் அரசு அதை நிறுத்தி வைத்தது. 1973இல் ஒழித்தே விட்டது. அம்முடிவில் நியாயம் இருந்தது என்று வாதிடுவோர் பலர். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அரை நூற்றாண்டு நடந்த ஓர் அவையை மூடுவதற்கு அங்குள்ள எவருடைய இசைவும் தேவைப்படவில்லை.

அடுத்தது லண்டன் மாநகரின் கதை. தேம்ஸ் நதியின் ஒரு கரையில் நாடாளுமன்றம். எதிர்க்கரையில் பெருநகர் லண்டன் மன்றத்தின் மாளிகை. 1980களில் இங்கே மார்கரெட் தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சி, அங்கே தொழிற்கட்சி. நகரப் போக்குவரத்துக் கட்டணத்தைக் குறைப்பதில் தொடங்கிப் பலவற்றில் பூசல். வேலையில்லாதோர் எண்ணிக்கையை மாளிகையின் உச்சியில் பெரிதாக எழுதி வைத்து, ஆற்றுக்கு அப்பால் இருப்பவர்கள் படிக்குமாறு செய்தார்கள். விளைவு என்ன? 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியே, 1986 மார்ச் 31ஆம் நாளோடு அம்மன்றமே மறைந்தது. அதன்பின் 2000ஆம் ஆண்டு வரை, 14 ஆண்டுகள், உலகப் பெருநகர்களில் ஒன்றான லண்டன் முழுமைக்குமெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு எதுவும் இருக்கவில்லை. மனத்தாங்கல் வந்தது, குத்தகை முடிந்தது.

ஸ்காட்லாந்தின் நிலை சற்று மேல். 1997ஆம் ஆண்டு பொதுவாக்கெடுப்பில் மக்கள் வேண்டும் என்றனர்; 1998இல் சட்டம் வந்தது; 1999இல் சட்டமன்றம் கூடியது. அம்மக்களைக் கேளாமல் அது கலைக்கப்படாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி கூறுகிறது. எனினும் 2023 ஜனவரியில், அந்த அவை நிறைவேற்றிய ஒரு மசோதாவை லண்டன் அரசு தன் தனியதிகாரத்தைக் கொண்டு தடுத்து நிறுத்தியது. பிரிட்டன் பெற்றிருப்பது நல்ல நிலக்காரர் தந்த நீண்ட குத்தகை. நன்றி பாராட்டலாம், ஆயினும் அது குத்தகைதான்.

நம் அண்டை நாடான இலங்கை இதற்கு இன்னும் கசப்பான சான்று. 1978ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 2ஆம் பிரிவு இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்றே அறிவிக்கிறது. 1987இல் 13ஆம் திருத்தம் வந்து மாகாண சபைகளைப் படைத்தது. காணி, போலீஸ் ஆகிய அதிகாரங்கள் ஏட்டில் எழுதப்பட்டன. ஆனால் கைக்கு வந்து சேரவில்லை. இணைக்கப்பட்டிருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்கள் 2006ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பின் விளைவாகப் பிரிந்தன. 2014க்குப் பின் பல்லாண்டுகள் எந்த மாகாண சபைக்கும் தேர்தலே நடக்கவில்லை. ஆளுநர்களே நிர்வாகத்தை நடத்தி வந்தார்கள். திருத்தம் நீக்கப்படவில்லை, சபைகள் சட்டப்படி ஒழிக்கப்படவும் இல்லை. தேர்தலைத் தள்ளிப்போட்டதே போதுமானதாயிற்று! குத்தகையைப் பறிக்க எப்போதும் உரத்த குரல் தேவைப்படுவதில்லை.

பட்டா நிலம்

இனி, கூட்டாட்சியின் தாயகம் எனப்படும் அமெரிக்காவைக் காண்போம். 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடியவர்கள், ஏற்கெனவே தனித்தனி அரசுகளாக இருந்த 13 மாநிலங்களுள் 12இன் பிரதிநிதிகள். அவர்கள் நிலத்தைப் பெற வரவில்லை. தம் நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுவில் விட வந்தார்கள். ஆகவே எதை விட மாட்டோம் என்பதையும் எழுதி வைத்தார்கள். ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் இன்னொரு மாநிலத்தை உருவாக்க அம்மாநிலச் சட்டமன்றத்தின் இசைவு வேண்டும். செனட் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள்; ஏறத்தாழ 3.9 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு, 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு. இச்சமபங்கை எந்த மாநிலத்திடமிருந்தும் அதன் இசைவின்றிப் பறிக்க முடியாது. அரசியல் சட்டத் திருத்தத்துக்கோ மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது இன்றைய 50இல் 38, ஒப்ப வேண்டும். இதன் நீதியைப் பற்றி வாதிடலாம். உறுதியைப் பற்றி ஐயமில்லை. பட்டா பட்டாதான்.

கனடாவின் கதை வேறுவகையில் சுவையானது. அமெரிக்க உள்நாட்டுப் போரைக் கண்ணெதிரே கண்டவர்கள் 1867இல் அதன் அரசியல் சட்டத்தை வகுத்தார்கள். ஆதலால் வலுவான மத்திய அரசே வேண்டும் என எண்ணினார்கள். மாகாணங்கள் இயற்றும் எந்தச் சட்டத்தையும் செல்லாததாக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கினார்கள். எழுத்தைப் பார்த்தால் அது குத்தகையேதான். அவ்வதிகாரம் தொடக்கக் காலத்தில் தாராளமாகப் பயன்படுத்தவும் பட்டது. ஆனால் கடைசியாக அது கையாளப்பட்ட ஆண்டு 1943! சட்டப் புத்தகத்திலிருந்து அதை எவரும் நீக்கவில்லை. மாகாணங்களின் எதிர்ப்பும், நீதிமன்றங்களின் போக்கும், 'இதைச் செய்வது முறையன்று' என்று நாளடைவில் ஊறிப்போன எண்ணமும் சேர்ந்து அதைத் துருப்பிடிக்க வைத்துவிட்டன.

கனடாவிடமிருந்து நாம் கற்க வேண்டியது இதுவே: எழுத்து மட்டும் போதாது, அரசியல் நாகரிகமும் வேண்டும். இனி நம் நாட்டுக்கு வருவோம்.

நம் பத்திரத்தில் உள்ள வாசகம்

நம் அரசியல் சட்டத்தின் முதற்பிரிவு இந்தியாவை 'மாநிலங்களின் ஒன்றியம்' என்கிறது. மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டு உருவானதன்று இந்த நாடு. எனவே பிரிந்து செல்லும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் இல்லை என்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். நாட்டுப் பிரிவினையின் இரத்தம் உலராத காலம் அது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுதேச சமஸ்தானங்களை ஒன்றிணைக்க வேண்டிய காலமும் அதுவே. வலுவான மத்திய அரசை அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை. ஆயினும் அந்த அச்சத்தில் எழுதப்பட்ட வாசகங்கள், அச்சம் நீங்கிய பின்னும் பத்திரத்தில் நிலைத்துவிட்டன.

முதலாவது, 3ஆம் பிரிவு. ஒரு மாநிலத்தைப் பிரிக்கவோ, இணைக்கவோ, எல்லையை மாற்றவோ, பெயரை மாற்றவோ நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும். அக்கருத்தை ஏற்க வேண்டும் என்பதில்லை. தெலுங்கானா மசோதாவை 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாக மாற்றப்பட்டபோதோ, கருத்துச் சொல்லவும் அங்கே சட்டமன்றம் இல்லை. அது முந்தைய ஆண்டே கலைக்கப்பட்டிருந்தது. சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆனதுகூட, 1967இல் நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியதால் மட்டுமன்று. 1968இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்ததால்தான்.

இதே 3ஆம் பிரிவு இல்லையேல் 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அவ்வளவு எளிதில் பிறந்திரா என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். நன்மை செய்த கத்திதான், ஆனாலும் கத்தி.

இரண்டாவது, 356ஆம் பிரிவு. இது பயன்படுத்தப்படாமலே கிடக்கும் என்று அம்பேத்கர் நம்பினார். நடந்தது வேறு. 1951இல் பஞ்சாபில் தொடங்கி இதுவரை நூறு முறைக்கு மேல் குடியரசுத் தலைவர் ஆட்சி பிறப்பிக்கப்பட்டுள்ளது. 1977இல் ஜனதா அரசு ஒன்பது காங்கிரஸ் மாநில அரசுகளைக் கலைத்தது. 1980இல் மீண்டு வந்த காங்கிரஸ் அரசும் ஒன்பது மாநில அரசுகளைக் கலைத்து வட்டியில்லாமல் கணக்கைத் தீர்த்தது. இதில் கட்சி வேறுபாடு பார்க்க வேண்டியதில்லை. கையில் சாட்டை இருந்தால் சுழற்றிப் பார்க்கத் தோன்றுவது மனித இயல்பு.

மூன்றாவது, நமக்கு மிக நெருக்கமானது. கல்வி தொடக்கத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 42ஆம் திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 1977 ஜனவரி 3ஆம் நாள் முதல் அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. காடுகள், எடையும் அளவும், வனவிலங்குப் பாதுகாப்பு, நீதி நிர்வாகம் ஆகியவையும் உடன் சென்றன. பொதுப்பட்டியல் என்றால் இருவருக்கும் உரிமை என்று பொருள். மோதல் எழுந்தால் பொதுவாக மத்தியச் சட்டமே வெல்லும் என்பதும் அதன் பொருள். இத்தகைய திருத்தத்துக்கு மாநிலங்களில் பாதியேனும் ஒப்ப வேண்டும் என்ற விதி உண்டு; அவ்விதி நிறைவேற்றவும் பட்டது. ஆனால் அந்த ஒப்புதல்கள் பெறப்பட்ட 1976ஆம் ஆண்டில் நாடே நெருக்கடி நிலையில் இருந்தது. தமிழ்நாட்டிலோ அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாளே ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டது. 1977 ஜூன் வரை இங்குச் சட்டமன்றமே இல்லை. அரசுக் கல்லூரி ஒன்றில் அமர்ந்து படிக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வகுப்பறை ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்குப் பெயர்ந்தபோது, ஆம் என்றோ இல்லை என்றோ கூற நமக்கென ஓர் அவை இருக்கவில்லை.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1994ஆம் ஆண்டு பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, கூட்டாட்சி நம் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று கூறியது. மாநில அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும். ஆட்சிக் கலைப்பு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றும் தெளிவாக்கியது. அதன்பின் 356ஆம் பிரிவின் பயன்பாடு பெரிதும் குறைந்தது. கனடாவில் வழக்கம் செய்த வேலையை இங்கே தீர்ப்பு செய்தது. குத்தகைச் சீட்டின் ஓரத்தில் நீதிமன்றம் 'பட்டா' என்று எழுதிக் கொடுத்தது எனலாம்.

மடை யார் கையில்?

பட்டா இருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடுமா? தண்ணீர் வேண்டும். வாய்க்காலின் மடை இன்னொருவர் கையில் இருந்தால், பட்டாக்காரரும் அவர் முகம் பார்த்துத்தான் நாற்று விட வேண்டும். ஆட்சிக்குத் தண்ணீர் நிதி.

இதில் பட்டா உறுதியான அமெரிக்காவும் விலக்கன்று. மது அருந்தும் வயதை நிர்ணயிப்பது அங்கே மாநிலங்களின் பொறுப்பு. 1984இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்தது. அது எந்த மாநிலத்துக்கும் கட்டளையிடவில்லை. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்க இடம்தரும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி குறையும் என்று மட்டும் கூறியது. 1987இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்து சேர்ந்தன. நோக்கம் நல்லதே, ஆனால் மடையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும், எந்த வயலையும் வழிக்குக் கொண்டுவரலாம் என்பதும் வெளிப்பட்டது.

நம் நாட்டில் வளரும் வரிகளில் பெரும்பகுதி மத்திய அரசிடம். பள்ளி, மருத்துவமனை, காவல்துறை எனச் செலவு பிடிக்கும் பணிகளில் பெரும்பகுதி மாநிலங்களிடம். இந்த இடைவெளியை நிரப்பவே நிதிக்குழு. 15ஆம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பகிர்வுக்குரிய மத்திய வரிகளில் நூற்றுக்கு 41 பங்கை மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. 'பகிர்வுக்குரிய' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேல்வரி, கூடுதல் வரி என்ற பெயரில் தண்டப்படும் தொகைக்கு இப்பகிர்வு பொருந்தாது. 2017 ஜூலை 1 முதல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலோ, முடிவெடுக்கும் மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் மத்திய அரசின் இசைவின்றி எதுவும் நிறைவேறாது.

பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத நிலையில், 'சமக்ர சிக்ஷா' எனும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்துக்குரிய 2024–25ஆம் ஆண்டு நிதி வராமல் நின்றதையும், 2025இல் மாநில அரசு உச்சநீதிமன்றம் சென்றதையும் நாம் அறிவோம். தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி நம்முள் பலருக்குப் பல கருத்து இருக்கலாம். அது வேறு வழக்கு. ஒரு கொள்கையை விவாதத்தால் வெல்லாமல் மடையைத் தாழ்த்தி வெல்வது முறையா என்பதே இங்கு வினா. அன்று நிதி நின்றபோது வாடியது கொள்கையை வகுத்தவரும் அல்லர், எதிர்த்தவரும் அல்லர், பள்ளிக்கூடங்களே.

ஒற்றையாட்சியின் பக்கத்து நியாயம்

எதிர்த்தரப்பு வாதத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது அறமன்று. ஒற்றையாட்சிக்கும் வலுவான வாதங்கள் உண்டு. நாடெங்கும் ஒரே சட்டம், விரைவான முடிவு, குறைந்த செலவு. செல்வம் மிகுந்த பகுதியிலிருந்து எடுத்து வறிய பகுதிக்குக் கொடுப்பது எளிது. பிரிட்டன் 1948இல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவ சேவையைத் தொடங்க முடிந்ததற்கு அதன் ஆட்சிமுறையும் ஒரு காரணம் எனலாம்.

அதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. மாநில உரிமை என்ற பதாகையை எப்போதும் நல்லவர்களே தூக்கிப் பிடித்ததில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காத்ததும், பின்னர் கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்ததும் மாநில உரிமை என்ற பெயரால்தான். நிறத்தால் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னும், 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்குள் நுழைவதற்கு மத்திய அரசின் படையே துணை வர வேண்டியிருந்தது. அன்று நீதி மத்திய அரசின் பக்கமே நின்றது.

இவ்வாதத்தை நாம் முழுமையாக ஏற்க வேண்டும். மனிதனை மனிதனாக மதிக்கும் அடிப்படை உரிமைகள் எந்த மாநிலத்தின் விருப்பத்துக்கும் விடப்படக் கூடாது. ஆனால் இதிலிருந்து, பாடத்திட்டமும் பயிர்க்கடனும் பேருந்துக் கட்டணமும் தலைநகரிலேயே முடிவாக வேண்டும் என்று எப்படித் துணிவது? அநீதியைத் தடுக்க ஒரு காவலர் வேண்டும் என்பது உண்மை. அதற்காக அந்தக் காவலரே வீட்டுச் சமையலையும் கவனிக்க வேண்டும் என்பதில்லையே!

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை படித்து வந்தவர்களில் சிலர், டில்லியைக் குறை கூறும் கட்டுரை இது என்று எண்ணியிருக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

மத்திய, மாநில உறவு குறித்து 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. 1971இல் அது அறிக்கை தந்தது. 1983இல் மத்திய அரசு சர்க்காரியா குழுவை அமைக்கும் முன்பே நாம் இவ்வினாவை எழுப்பிவிட்டோம். 2025இல் மீண்டும் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தோம். மாநில சுயாட்சி என்ற முழக்கத்தை நம்மைப்போல் இடைவிடாது எழுப்பிய மாநிலங்கள் மிகக் குறைவு.

ஆனால் நாம் நம் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் எழுதிக் கொடுத்தது பட்டாவா, குத்தகையா?

சென்னை மாநகராட்சி மன்றம் 1973 டிசம்பரில் ஊழல் புகாரை ஒட்டிக் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்த ஆண்டு 1996! இடைப்பட்ட ஏறத்தாழ 23 ஆண்டுகளில் மாநிலத்தை ஆண்ட கட்சிகள் மாறின. குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்து போனது. மாநகர் மட்டும் அதிகாரிகளின் ஆட்சியிலேயே இருந்தது. லண்டனின் 14 ஆண்டுகளை வியந்தோமே, நம் கணக்கு அதைவிடப் பெரிது.

73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று விதித்த பின்னும் நிலைமை முழுதாகத் திருந்திவிடவில்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் ஒரு பகுதி மாவட்டங்களில்தான், தேர்தல் நடந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்தபோது, மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். 11ஆம் அட்டவணை 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதோ மாநிலத்தின் விருப்பம். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சித் தலைவர் பதவி நீக்கம் செய்யவும் நம் சட்டத்தில் இடமுண்டு. ஆளுநரைப் பற்றி நாம் டில்லியிடம் சொல்லும் குறையை ஊராட்சித் தலைவர்கள் நம்மிடம் சொன்னால், நம் விடை என்ன?

மேலே கைநீட்டிக் கேட்பதைக் கீழே கொடுக்க மறுப்பவரின் கோரிக்கைக்கு வலு இராது. கோட்டையில் நின்று கேட்கும் கூட்டாட்சி, சிற்றூரின் ஊராட்சி மன்றக் கட்டடத்திலும் கேட்கப்பட வேண்டும். இதை ஏற்காவிடில் நாம் கேட்பது கூட்டாட்சி அன்று. டில்லியில் இருக்கும் ஒற்றையாட்சியைச் சென்னைக்கு மாற்றித் தருமாறு கேட்கிறோம், அவ்வளவே.

முடிவாக

ஒற்றையாட்சி என்றால் அடிமைத்தனம், கூட்டாட்சி என்றால் விடுதலை என்று இரண்டே வண்ணங்களில் படம் வரைவது எளிது, உண்மை அவ்வாறில்லை. நல்ல நிலக்காரரிடம் குத்தகைக்கு இருப்பவர் நிம்மதியாக வாழலாம்; மடை அடைபட்டால் பட்டாக்காரரும் பட்டினி கிடக்கலாம். ஆனால் நிலக்காரர் என்றென்றும் நல்லவராகவே இருப்பார் என்று நம்பிச் சட்டம் எழுதுவதில்லை. மனத்தாங்கல் வரும் நாளை எண்ணித்தான் எழுதுகிறோம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சிலவே. ஒரு மாநிலத்தின் எல்லையையோ தகுதியையோ மாற்றுமுன் அதன் சட்டமன்றத்தின் இசைவு கட்டாயமாக வேண்டும். சட்டமன்றம் இல்லாத காலத்தில் அத்தகைய மாற்றம் எதுவும் நிகழக் கூடாது. ஒரு துறையைப் பட்டியல் மாற்றும்போதும் இதே விதி வேண்டும். பகிர்வுக்கு வராத வரிகளுக்கு ஒரு வரம்பு வேண்டும். ஒரு திட்டத்தை ஏற்காததற்காக இன்னொரு திட்டத்தின் நிதியை நிறுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். மாநிலங்களிடை மன்றம் ஆண்டுதோறும் கூட வேண்டும். 1990இல் அமைக்கப்பட்ட அம்மன்றம் 2016 ஜூலையில் கூடியபின் நெடுங்காலம் கூடவேயில்லை. இவற்றோடு, உள்ளாட்சிகளுக்குரிய துறைகளும் நிதியும் 'தரலாம்' என்ற சொல்லிலிருந்து 'தர வேண்டும்' என்ற சொல்லுக்கு உயர வேண்டும்.

இவற்றுள் கடைசிக் கோரிக்கைக்கு டில்லியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் சட்டமன்றமே விரும்பினால், அடுத்த கூட்டத்தொடரிலேயே தன் ஊராட்சிகளுக்குப் பட்டா எழுதிக் கொடுக்கலாம். அதைச் செய்துவிட்டு மற்றவற்றைக் கேட்கச் செல்லும் மாநிலத்தின் குரலை எந்தத் தலைநகரும் எளிதில் புறக்கணிக்க முடியாது. வாக்குரிமை பெற்றிருக்கும், பெறவிருக்கும் மாணவ நண்பர்கள், அடுத்த தேர்தலில் நம்மிடம் வரும் வேட்பாளர்களிடம் இந்த ஒரு வினாவை மட்டுமேனும் கேட்டுப் பார்ப்போம்: எங்கள் ஊருக்கு நீங்கள் தரப்போவது பட்டாவா, குத்தகையா?